மலிவு கார்பன் ஃபிரேமை அளந்து கட்டிய கதை: கோவையிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

கார்பன் ரோட் பைக் ஒன்றை ஷோரூமில் வாங்கப் போனால், ஷிமானோ நிறுவனத்தின் 105 வகைக் கியர், ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக்கோடு இரண்டு லட்சத்துக்கு மேல்தான் பேச்சே ஆரம்பிக்கும். சீனாவிலிருந்து நேரடியாக விற்கிற ஃபிரேமோ, முன்சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க், சீட்டைத் தாங்கும் சீட் போஸ்ட் சகிதம், சுங்கவரி கூரியர் எல்லாம் சேர்த்து நாற்பதாயிரத்துக்குள் வீட்டு வாசலுக்கு வந்துவிடுகிறது. கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் காலையில் சைக்கிள் மிதிக்கிறவர்கள் நின்று டீ குடிக்கும் இடங்களில் இந்தப் பேச்சு அடிக்கடி வரும். வந்தால் ஒரே கேள்வியில் போய் நிற்கும்: "அது தாங்குமுங்களா?"

இந்தக் கேள்விக்கு அளந்து பதில் சொல்ல ஒரு வாய்ப்பு வந்தது. திருப்பூரில் பனியன் தொழிலில் இருக்கும் என் சித்தப்பா மகன் அப்படியொரு ஃபிரேம் வாங்க முடிவு செய்தான். முப்பது வயதைத் தாண்டியவன், எடை 74 கிலோ, உயரம் ஐந்தடி எட்டங்குலம். சில வருடங்களாக அலுமினிய ரோட் பைக் ஓட்டிக்கொண்டிருந்தான். நான் கோவையில் பம்ப் பாகங்களின் அளவு சரிபார்க்கும் வேலையில் இருப்பவன். ஃபிரேம் வந்ததும் ஒரு போல்ட்கூட மாட்டாமல் கொண்டு வரச் சொன்னேன். கணபதியில் எனக்குப் பழக்கமான லேத் பட்டறை ஒன்றில் வைத்து அளந்தோம், கட்டினோம், அப்புறம் தென்மேற்குப் பருவம் முழுக்க ஓட்டிப் பார்த்தோம்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மலிவு ஃபிரேமில் தொந்தரவு வருவது பெரும்பாலும் பேரிங், சக்கர அச்சான ஆக்சில், டிஸ்க்கைக் கவ்வும் பிரேக் காலிப்பர் என்று உலோகம் வந்து உட்காரும் இடங்களில். அவற்றை அளக்கும் கருவிகள் கோவையில் சந்துக்குள் இருக்கும் பட்டறையில்கூட உண்டு. வாங்குகிறவர்கள் இழையின் பெயரைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறார்கள். துளையின் அளவைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

இழையின் பெயரும் அச்சின் வேலையும்

விற்றவரின் விவரக் குறிப்பில் டி800 என்று பெரிதாகப் போட்டிருந்தது. ஜப்பானின் டோரே நிறுவனம் தன் இழை வகைகளுக்கு வைத்த பெயர்கள் இவை. டி700 இழையின் இழுவிசை வலிமை 4,900 மெகாபாஸ்கல்; விறைப்பைக் காட்டும் மீட்சிக் குணகம் 230 கிகாபாஸ்கல். டி800 வகையில் அந்த விறைப்பு 294 கிகாபாஸ்கல். காகிதத்தில் கால் பங்குக்கும் மேல் கூடுதல். ஆனால் ஃபிரேமில் எந்தப் பகுதியில் அந்த இழை இருக்கிறது, எந்தத் திசையில் எத்தனை அடுக்கு, பிசின் எவ்வளவு என்று தெரியாதவரை அந்தப் பெயரை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. கார்பன் இழை நீளவாக்கில்தான் பலம் காட்டும். குறுக்கே வரும் விசையைத் தாங்க வேண்டியது பிசினும் மற்ற திசை அடுக்குகளும். அதனால்தான் பூஜ்ஜியம், 45, 90 டிகிரி என்று திசை மாற்றி மாற்றி அடுக்குகிறார்கள்.

எபாக்ஸி பிசின் ஊறிய கார்பன் தாளைத் துண்டு துண்டாக வெட்டி, காற்றுப்பையின் மேல் கையால் அடுக்கி, இரண்டு பாதியாகப் பிரியும் எஃகு அச்சுக்குள் வைத்துப் பூட்டுவார்கள். உள்ளே காற்றழுத்தம் ஏறும், வெளியே சூடு ஏறும், பிசின் பரவிக் கெட்டியாகும். வெளிப்புறம் அச்சின் வழவழப்போடு வரும். உட்புறம் காற்றுப்பை எப்படி அழுத்தியதோ அப்படி வரும். ஆகவே வெளியே கண்ணாடிபோல் இருக்கும் ஃபிரேமுக்குள் மடிப்பு, பிசின் கட்டி, காற்றுக்குமிழி எதுவும் இருக்கலாம். பேரிங் உட்காரும் துளைகளின் துல்லியம் இன்னொரு தனிக் கவனம் கேட்கும் வேலை. விலையைக் குறைக்கும்போது முதலில் அடிபடுவது இந்தக் கடைசி வேலையும் அதற்கான அளவுச் சோதனையும்தான் என்பது என் கணிப்பு. வார்ப்பாக இருந்தாலும் கார்பனாக இருந்தாலும் அதே கதைதான்.

பெரிய பிராண்டுகள் பலவற்றின் ஃபிரேம்களும் சீனாவிலும் தைவானிலும் உருவாகின்றன. எனவே "சீனா" என்ற ஒரே சொல்லை வைத்துத் தள்ளிவிடுவது சரியில்லை. ஓர் ஆலை தன் சொந்த அச்சில் செய்த ஃபிரேமைப் பல பெயர்களில் பலருக்கு விற்பது இந்த வணிகத்தின் வழக்கம். நாங்கள் வாங்கியதும் அப்படி ஒன்று.

தேர்வு செய்யும்போது 54, 56 என்ற சைஸ் எண்ணை ஓரமாக வைத்துவிட்டு, ஸ்டாக், ரீச் என்ற இரண்டு அளவை மட்டும் பார்த்தோம். கிராங்க் சுழலும் அச்சின் நடுவிலிருந்து, ஃபிரேமின் முன்னால் ஃபோர்க் நுழையும் ஹெட் ட்யூபின் மேல் நுனி எவ்வளவு உயரம் என்பது ஸ்டாக். எவ்வளவு முன்னே என்பது ரீச். அவனுடைய பழைய சைக்கிளில் முதுகு வலிக்காமல் நூறு கிலோமீட்டர் ஓட்ட முடிந்தது. அதன் அளவுக்குக் கிட்டத்தட்டப் பொருந்தியது 560 மி.மீ. ஸ்டாக், 382 மி.மீ. ரீச் உள்ள ஃபிரேம்.

டிஸ்க் பிரேக் வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். நம் ஊரிலிருந்து எந்தப் பக்கம் போனாலும் ஒரு மலை வரும்: வால்பாறை, கோத்தகிரி, திம்பம், கொல்லிமலை. நீண்ட இறக்கத்தில் ரிம்மையே பிடித்து நிறுத்தும் பிரேக்கை விடாமல் அழுத்தினால் கார்பன் ரிம்மின் பிசின் சூட்டில் இளகும். டிஸ்க் பிரேக், அலுமினிய ரிம் என்று முடிவு செய்ததும் அந்தக் கவலை விட்டது.

பட்டறையில்

முதலில் தராசு. ஃபிரேம் 980 கிராம் என்று சொல்லியிருந்தார்கள், 1,090 இருந்தது. வெட்டாத ஃபோர்க் 390க்குப் பதில் 435. இதை நான் குறையாக எடுக்கவில்லை. மலிவு ஃபிரேமில் கூடுதலாக வரும் நூறு கிராம் என்பது அடுக்கோ பிசினோ பெயின்ட்டோதான். சொன்னதைவிடக் குறைவாக இருந்திருந்தால்தான் யோசித்திருப்பேன்.

அடுத்து, போனில் மாட்டும் எண்டோஸ்கோப் கேமராவை ஹெட் ட்யூப் வழியாகவும் சீட் ட்யூப் வழியாகவும் விட்டுப் பார்த்தோம். ஹெட் ட்யூபிலிருந்து கிராங்க் பக்கம் இறங்கும் டவுன் ட்யூபுக்குள் காற்றுப்பையின் நைலான் கிழிசல் ஒட்டியிருந்தது. வளைந்த கம்பியால் இழுத்து எடுத்தோம். சீட் ட்யூபின் அடியில் சின்ன மடிப்பு ஒன்று தெரிந்தது. மடிப்பு எங்கே என்பதுதான் முக்கியம். டவுன் ட்யூபின் அடிப்பக்கம், ஹெட் ட்யூபை ஒட்டிய இடம், கிராங்கிலிருந்து பின்சக்கரத்துக்குப் போகும் செயின் ஸ்டே ஆரம்பிக்கும் இடம், ஃபோர்க்கின் கழுத்து: இந்த நான்கிலும் மடிப்பு இருந்தால் ஃபிரேமைத் திருப்பி அனுப்பு என்று தம்பியிடம் முன்பே சொல்லியிருந்தேன். மடிந்த இழை விசை வரும்போது முதலில் நிமிரப் பார்க்கும். அந்த இடத்தில் பிசின் விரியும். இந்த நான்கு இடமும் சுத்தமாக இருந்தன.

பிறகு ஒரு ரூபாய் நாணயத்தால் ஃபிரேம் முழுக்கத் தட்டிக் கேட்டோம். நல்ல இடத்தில் கணீரென்று வரும், அடுக்கு பிரிந்த இடத்தில் சத்தம் செத்துப்போகும். சுவர் தடிமன் மாறும் இடத்தில் ஒலியும் இயல்பாகவே மாறும் என்பதால், இடப்பக்கம் ஒரு தட்டு, அதே இடத்தில் வலப்பக்கம் ஒரு தட்டு என்று ஒப்பிட்டுத்தான் கேட்க வேண்டும். தண்ணீர் பம்ப் வார்ப்பைச் சுத்தியலால் தட்டி விரிசல் கண்டுபிடிக்கிற பட்டறைக்காரருக்கு இது கை வந்த கலை. என்னைவிட அவர் காது கூர்மை.

நேராக இருக்கிறதா என்று பார்க்க நூல் போதும். பின் ஆக்சில் துளையின் ஒரு பக்கத்திலிருந்து நூலைக் கொண்டுபோய் ஹெட் ட்யூபைச் சுற்றி மறுபக்கம் இழுத்துக் கட்டி, சீட் ட்யூபுக்கும் நூலுக்கும் இடையே இரண்டு பக்கமும் வெர்னியர் வைத்தால் தெரிந்துவிடும். எங்களுக்கு வந்த வித்தியாசம் 1 மி.மீ.; அதாவது நடுக்கோட்டிலிருந்து அரை மி.மீ. விலகல். அது பரவாயில்லை. அதோடு துல்லியமாகச் சாணை பிடித்த 12 மி.மீ. கிரவுண்ட் ராட் ஒன்றைப் பின் ஆக்சில் துளைகளில் நுழைத்து, சமதளப் பலகையான சர்ஃபேஸ் பிளேட்டின் மேல் உயரம் அளக்கும் ஹைட் கேஜ் வைத்துப் பார்த்தோம். ராட் தடையில்லாமல் நுழைந்தது, இரு நுனியும் ஒரே உயரம் காட்டின.

உண்மையான சிக்கல் பாட்டம் பிராக்கெட்டில் இருந்தது. கிராங்க் சுழலும் பேரிங் உட்காரும் கூடு அது. இந்த ஃபிரேமில் பிபி86 என்ற அழுத்திப் பொருத்தும் வகை. துளை 41 மி.மீ., அகலம் 86.5 மி.மீ. துளை அளக்கும் போர் கேஜை மூன்று கோணத்தில் திருப்பித் திருப்பி அளந்தபோது வலப்பக்கத் துளை 40.96க்கும் 40.99க்கும் நடுவில் இருந்தது. நல்ல அளவு. இடப்பக்கமோ ஒரு திசையில் 41.02, இன்னொரு திசையில் 41.11. துளை வட்டமாக இல்லை, பெரிதாகவும் இருக்கிறது.

"ஏனுங்ணா, ஒரு மயிரளவு வித்தியாசத்துக்கா இவ்வளவு பாடு?" என்றான் தம்பி.

பட்டறைக்காரர்தான் பதில் சொன்னார்: "மோட்டார் பேரிங் ஹவுசிங்ல இது வந்தா நாங்க திருப்பி அனுப்பிருவமுங்க."

அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. அழுத்திப் பொருத்தும் பேரிங்குக்குத் துளையின் இறுக்கம்தான் பிடிமானம். இறுக்கம் இல்லாவிட்டால் ஒவ்வொரு மிதிக்கும் பேரிங் கப் துளைக்குள் நுணுக்கமாக அசையும். முதலில் கிறீச் சத்தம், அப்புறம் துளை இன்னும் தேயும், அப்புறம் பேரிங்கே போகும். கார்பன் ஃபிரேம் சத்தம் போடுகிறது என்று கடை கடையாக அலைகிறவர்களில் பலருக்கு நோய் இங்கேதான் இருக்கும். கிரீஸ் தடவிச் சத்தத்தை அடக்குவது சில வாரத்துக்குத்தான்.

துளையைக் கடைந்து சரிசெய்யலாமா என்ற பேச்சு வந்தது. வேண்டாம் என்றேன். பெரிதாக இருக்கும் துளையைக் கடைந்தால் இன்னும்தான் பெரிதாகும்; இழையும் அறுபடும். இதற்கென்றே இரண்டு கப்பும் நடுவில் ஒன்றோடொன்று மரை போட்டு இறுகும் பாட்டம் பிராக்கெட் வகை ஒன்று இருக்கிறது. அது துளையின் இறுக்கத்தை மட்டும் நம்புவதில்லை. இரண்டு பக்க முகத்தையும் கவ்விப் பிடிக்கும், இரண்டு பேரிங்கும் ஒரே அச்சில் நிற்கும். ஆனால் அதற்கு முகங்கள் இரண்டும் இணையாக இருக்க வேண்டும், துளைகள் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். அகலத்தைச் சுற்றிலும் அளந்தபோது 86.46 முதல் 86.52 வரை வந்தது, நல்லது. நேர்கோட்டுக்காகப் பட்டறைக்காரர் அலுமினிய ராடில் 40.93 அளவுக்கு ஒரு மாண்ட்ரல், அதாவது சோதனை உருளை, கடைந்து கொடுத்தார். இரண்டு துளையிலும் அது ஒரே தள்ளில் வழுக்கிக்கொண்டு போனது. அதன் பிறகுதான் இந்த ஃபிரேமைக் கட்டலாம் என்ற நம்பிக்கை எனக்கு வந்தது.

அளவுகளைப் படமெடுத்து விற்றவருக்கு அனுப்பினோம். புதிய பாட்டம் பிராக்கெட்டின் விலையை ஈடுகட்டும் அளவுக்கு ஒரு தொகையைத் திருப்பித் தந்தார். "சத்தம் வருகிறது" என்று எழுதியிருந்தால் அது நடந்திருக்காது. கேஜின் முள் தெரியும் படத்துக்கு எதிர்வாதம் செய்வது கஷ்டம்.

ஃபோர்க் திரும்ப உதவும் ஹெட்செட்டின் கீழ் பேரிங் 52 மி.மீ., மேல் பேரிங் 41.8 மி.மீ. இரண்டும் கார்பனிலேயே வார்த்த இருக்கையில் உட்காரும். கீழ் இருக்கையில் பிசின் பிசிறு இருந்தது. மெல்லிய எமரித் தாளை விரலில் சுற்றிப் பிசிறை மட்டும் எடுத்தோம். கறுப்புத் தூள் வர ஆரம்பித்தால் இழையைத் தொட்டுவிட்டோம் என்று அர்த்தம், அதற்கு முன்பே நிறுத்த வேண்டும். பிரேக் காலிப்பர் உட்காரும் தளத்தில் மேடு பள்ளம் காட்டும் பிரஷ்யன் ப்ளூ மை தடவிப் பார்த்தபோது பின்பக்கம் ஒரு மூலை மட்டும் நீலம் வாங்கியது. மேல்பூச்சு அங்கே திரண்டிருந்தது. அதைச் சுரண்டி, மறுபடி ப்ளூ வைத்து, தளம் முழுக்க நீலம் பரவும்வரை செய்தோம். இதை விட்டுவிட்டால் பிரேக் வட்டான ரோட்டர் உரசும் சத்தம் தீரவே தீராது.

ஃபோர்க்

மலிவு ஃபிரேம் வாங்குகிறவர்கள் பார்வையெல்லாம் ஃபிரேமின் மேலே இருக்கும். எனக்குப் பயம் ஃபோர்க்கிலிருந்து ஹெட் ட்யூபுக்குள் ஏறி ஹேண்டில்பாரைத் தாங்கும் ஸ்டீரர் ட்யூபைப் பற்றி. ஃபிரேம் விரிசல் விட்டால் பல சமயம் சத்தம், நெளிவு, பெயின்ட் கோடு என்று ஏதாவது காட்டி நேரம் கொடுக்கும். ஸ்டீரர் முறிந்தால் அந்த நொடியே ஆள் கீழே. எஃகு வளைந்து எச்சரிக்கும். கார்பன் வளையாது, உடையும்.

ஸ்டீரரின் வெளிவிட்டம் பல உயரத்தில் 28.56 முதல் 28.60 வரை வந்தது. 28.6தான் தரமான அளவு. அதைவிட நல்ல சாட்சி ஒன்று எல்லோர் கையிலும் கிடைக்கிறது, பெரும்பாலும் குப்பைக்குப் போகிறது. உயரத்துக்கு ஏற்ப ஸ்டீரரை வெட்டும்போது விழும் துண்டுதான் அது. அதே அச்சில், அதே பிசினில், அதே கையால் அடுக்கிய மாதிரி. அதன் வெட்டு முகத்தை 2000 எண் எமரி வரை தண்ணீர் விட்டுத் தேய்த்து, டூல்மேக்கர் மைக்ரோஸ்கோப்பின் அடியில் வைத்துப் பார்த்தேன். சுவர் தடிமன் சுற்றிலும் 2.5 முதல் 2.7 மி.மீ. அடுக்குகள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. ஊசி முனை அளவுக் குமிழிகள் சில உண்டு. அடுக்கோடு நீளும் இடைவெளி எதுவும் இல்லை. மைக்ரோஸ்கோப் இல்லாவிட்டால் வாட்ச் கடைக்காரர் கண்ணில் மாட்டும் லென்ஸ் போதும். அடுக்குகளுக்கு நடுவே கறுப்புக் கோடு நீளமாக ஓடினால் அந்த ஃபோர்க்கைப் போட்டுவிட்டு, பெயருள்ள ஃபோர்க் ஒன்றைத் தனியாக வாங்குவதுதான் வழி.

வெட்டும் முறையையும் சொல்லிவிடுகிறேன். அங்குலத்துக்கு 32 பல் உள்ள பிளேடு, வெட்டுமிடத்தைச் சுற்றி டேப், நேராக ஓட ஒரு கைடு. ஈரம் விட்டுக்கொண்டே மெதுவாக வெட்ட வேண்டும், மாஸ்க் கட்டாயம். கார்பன் தூசி நுரையீரலுக்கு ஆகாது. ஹேண்டில்பாரை ஸ்டீரரோடு இணைக்கும் ஸ்டெம்முக்குக் கீழே, உயரம் கூட்டும் ஸ்பேசர் வளையம் 30 மி.மீ.க்கு மேல் வைக்கவில்லை. ஸ்டெம்முக்கு மேலே 5 மி.மீ. ஸ்பேசர் ஒன்று வைத்தோம். உள்ளே விரியும் பிளக், ஸ்டெம் கவ்வும் உயரத்துக்கு நேராக நிற்க வேண்டும். கவ்வும் இடம் நசுங்காமல் பார்த்துக்கொள்வது அதுதான்.

எடை தொங்கவிட்டுப் பார்த்தது

பின் ஆக்சிலை ஆங்கிள் பிளேட்டில் இறுக்கி, முன்னால் ஒரு போலி ஃபோர்க் கொடுத்து, ஃபிரேமைச் சாய்த்து நிறுத்தி, பாட்டம் பிராக்கெட்டிலிருந்து வெளியே நீளும் கம்பியில் 60 கிலோ வார்ப்பெடை தொங்கவிட்டோம். டயல் கேஜ் எவ்வளவு நகர்கிறது என்று பார்த்து, அதே பிடிப்பில் தம்பியின் பழைய அலுமினிய ஃபிரேமையும் வைத்துப் பார்த்தோம். கார்பன் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவாக வளைந்தது. எனக்கு அதைவிட முக்கியமாகப் பட்டது, எடையை எடுத்ததும் முள் பூஜ்ஜியத்துக்குத் திரும்பியதுதான். எடையை இரவு முழுக்கத் தொங்கவிட்டு மறுநாள் எடுத்தபோதும் திரும்பியது. பிசின் சரியாக வேகாத ஃபிரேமாக இருந்தால் அங்கே ஒரு நிரந்தர வளைவு தங்கியிருக்கும்.

இது தரச் சோதனைக்கு மாற்று ஆகாது. சைக்கிள்களுக்கான ஐஎஸ்ஓ 4210 தரத்தில் ரோட் பைக் ஃபிரேமை இரண்டு பெடலிலும் மாறி மாறி 1,100 நியூட்டன் விசையால், அதாவது ஏறக்குறைய 112 கிலோ எடையால், ஒரு லட்சம் சுற்று மிதிக்க வைக்கிறார்கள். 22.5 கிலோ எடையை மேலிருந்து விழவைத்து மோதலையும் பார்க்கிறார்கள். அந்தச் சோதனை அறிக்கையை விற்பவரிடம் கேட்டு வாங்க வேண்டும். அதில் இருக்கும் மாடல் எண் நாம் வாங்கும் மாடல்தானா என்று ஒப்பிட வேண்டும். எங்களுக்கு வந்த அறிக்கையில் எண் பொருந்தியது. பட்டறையில் நாங்கள் பார்த்தது எங்கள் கையிலிருக்கும் இந்த ஒரு ஃபிரேமில் மோசமான பிழை இருக்கிறதா என்று மட்டும்தான். இரண்டும் வேண்டும்.

கட்டுவது ஒரு நாள் வேலை. ஷிமானோ 105 ஆர்7020 ஹைட்ராலிக், 11 கியர். முன்னால் 50, 34 பல். பின்னால் 11 முதல் 34 வரை. கேபிளை ஃபிரேமுக்குள் ஓட்ட, ஒரு முனையில் திருப்பூர் நூலை வைத்து மறுமுனையில் வேக்குவம் கிளீனரால் உறிஞ்சினால் நூல் வந்துவிடும். நூலைப் பிடித்துக் கேபிள் வரும். கார்பன் மேல் இறுக்கும் போல்ட்டுக்கெல்லாம் இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் கட்டாயம். ஸ்டெம்முக்கு 5 நியூட்டன் மீட்டர், அதற்கு மேல் கை போகக் கூடாது. பெடலோடு மொத்த எடை 8.6 கிலோ. பழையது 10.1.

சாலையில்

நியாயமாக ஒப்பிட வேண்டும் என்பதற்காக இரண்டு சைக்கிளிலும் ஒரே வீல், ஒரே 30 மி.மீ. டயர், ஒரே காற்றழுத்தம் வைத்து, சிறுவாணி ரோட்டில் மாற்றி மாற்றி ஓட்டினோம். வேகத்தடைகளும் ஒட்டுப்போட்ட தாரும் நிறைந்த சாலை அது. கார்பன் என்றால் மெத்தைபோல் இருக்கும் என்று எதிர்பார்த்து வந்தவனுக்கு ஏமாற்றம்தான். நடுக்கம் கொஞ்சம் குறைவு, அவ்வளவே. டயரில் பத்து பிஎஸ்ஐ குறைத்தபோது கிடைத்த சுகம் ஃபிரேம் மாற்றியதில் கிடைத்ததைவிட அதிகம். பழைய சைக்கிளில் முதுகு வலிக்கிறது என்று கார்பன் வாங்க நினைப்பவர்கள் முதலில் அகலமான டயர் போட்டுப் பார்க்கட்டும். பல பேருக்கு அங்கேயே வேலை முடிந்துவிடும்.

பல்லடத்திலிருந்து உடுமலை போகும் பாதையில் ஆடிக் காற்றை எதிர்கொள்ள வைத்தோம். பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்று அது. அங்கே காற்றாலைகள் வரிசையாக நிற்பதும் அதனால்தான். ஏரோ என்று சொல்லி விற்கும் வடிவத்தால் எவ்வளவு லாபம் என்பதைச் சாலையில் ஓட்டி அளக்க முடியாது, அதனால் அதைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. பக்கவாட்டுக் காற்றில் சைக்கிளை இழுத்துத் தள்ளுவது பெரும்பாலும் உயரமான ரிம்தான் என்பது மட்டும் தெளிவு. எங்களுடையது தட்டையான அலுமினிய ரிம். தம்பி இரண்டு கையையும் தளர்வாக வைத்தே ஓட்டினான்.

ஆழியாரிலிருந்து வால்பாறை ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளில்தான் ஃபிரேமின் குணம் தெரிந்தது. எழுந்து நின்று மிதிக்கும்போது ரோட்டர் உரசவில்லை, கியர் தானாகத் தாவவில்லை. பழைய சைக்கிளில் இரண்டும் உண்டு. ஏறும் நேரம்? ஆளும் வண்டியும் சேர்ந்து 84 கிலோவில் ஒன்றரைக் கிலோ குறைந்தால் அது இரண்டு சதவீதத்துக்கும் கீழே. இரண்டு மணி நேர ஏற்றத்தில் இரண்டு நிமிடம் மிச்சம் என்று வைத்துக்கொள்ளலாம். லட்ச ரூபாய்க்கு மேல் போட்டது அந்த இரண்டு நிமிடத்துக்காக என்றால் எனக்குச் சம்மதமில்லை. ஆனால் சத்தமில்லாமல், இழுபறி இல்லாமல், மிதித்த பலம் அப்படியே சக்கரத்துக்குப் போகிறது என்ற உணர்வு தம்பிக்கு நிஜமாகவே கிடைத்தது. அதன் மதிப்பை நான் குறைத்துப் பேச மாட்டேன்.

இறக்கத்தில் ஒரு நல்ல விஷயம் தற்செயலாக அமைந்தது. வரைபடத்தில் ஹெட் ட்யூப் கோணம் 73 டிகிரி; டிஜிட்டல் கோணமானியில் 72.5 வந்தது. ஃபோர்க்கின் முன்தள்ளல் 45 மி.மீ. என்பதால், சக்கரம் தரையைத் தொடும் இடம் ஸ்டீயரிங் அச்சுக்குப் பின்னால் விழும் தூரம் 57 மி.மீ.க்குப் பதில் ஏறக்குறைய 60 ஆனது. திருப்புவதில் கொஞ்சம் சோம்பல், வேகத்தில் கொஞ்சம் கூடுதல் நிதானம். கொல்லிமலையின் 70 வளைவுகளில் இறங்கிவிட்டு வந்து, பழைய சைக்கிளைவிட இதில் பயம் குறைவாக இருந்தது என்றான். பந்தயத்தில் சட்டென்று வெட்டித் திரும்ப வேண்டியவருக்கு இதே விலகல் பிடிக்காமல் போகலாம்.

பருவம் முழுக்க ஓட்டியதில் வந்த தொந்தரவுகள்: சீட் போஸ்ட் D வடிவம், உள்ளே ஆப்பு வைத்து இறுக்கும் வகை. கரடுமுரடு ரோட்டில் மெல்ல மெல்ல இறங்கியது. போஸ்ட்டைச் சுற்றி ஒட்டியிருந்த இன்சுலேஷன் டேப் அதைக் காட்டிக் கொடுத்தது. சொரசொரப்பான கார்பன் பேஸ்ட் தடவி, சொன்ன டார்க்கில் இறுக்கியதும் நின்றது. இதே விலையில் 27.2 மி.மீ. உருண்டைப் போஸ்ட் உள்ள ஃபிரேம் கிடைத்தால் அதைத்தான் எடுக்கச் சொல்வேன். இன்னொன்று, வால்பாறை மழையில் நனைந்து வந்தபின் பாட்டம் பிராக்கெட் பகுதியில் தண்ணீர் தேங்கியது. அடியில் வடிகால் துளை இல்லை. நாமே துளை போடுவது தவறு. அதிக விசை வரும் இடம் அது. மழையில் ஓட்டினால் வீட்டுக்கு வந்ததும் சீட் போஸ்ட்டைக் கழற்றிக் கவிழ்த்துவைப்பது வழக்கமாகிவிட்டது. செயின் ஸ்டேயில் பெயின்ட் பெயர்ந்தது. சுரண்டிப் பார்த்ததில் மேல்பூச்சு மட்டும்தான். பாட்டம் பிராக்கெட்டிலிருந்து இதுவரை ஒரு சத்தமும் இல்லை.

செலவு: ஃபிரேம் செட் 38,500, கியர் பிரேக் எல்லாம் 52,000, வீல் 16,000, டயர் ட்யூப் 6,500, ஹேண்டில்பார் ஸ்டெம் சீட் டேப் 9,000, பாட்டம் பிராக்கெட் 4,500, ஹெட்செட் 2,000. மொத்தம் 1,28,500. பெடல் பழையது. பட்டறைக்காரர் மாண்ட்ரல் கடைந்ததற்கு மட்டும் கூலி வாங்கினார்.

ஷோரூம் விலையோடு ஒப்பிட்டால் மிச்சம் கணிசமானது. அந்த மிச்சத்தில் ஒரு பகுதி நாங்கள் செய்த அளவு வேலையின் மதிப்பு, இன்னொரு பகுதி இல்லாத வாரண்டியின் விலை. விழுந்தால், உடைந்தால் எடுத்துக்கொண்டு போய் நிற்க நம் ஊரில் கடை கிடையாது. பெட்டியைப் பிரித்த அன்றே மாட்டி மறுநாளே மலை ஏற நினைப்பவருக்கு இந்த வழியை நான் சொல்ல மாட்டேன். அவர் கடையில் அலுமினியம் வாங்கினால் நிம்மதியாக ஓட்டுவார். அளக்க ஒரு பட்டறையும், பொறுமையும், சந்தேகம் வந்தால் ஃபோர்க்கைத் தூக்கிப் போடும் மனமும் இருக்கிறவருக்கு இது நல்ல சைக்கிள்.

அடுத்த சோதனை மழைக்காலம் முடிந்ததும். ஃபோர்க்கைக் கழற்றி ஸ்டீரரில் ஸ்டெம் கவ்விய இடத்தையும், கழுத்தில் பேரிங் உட்காரும் வளையத்தையும் லென்ஸ் வைத்துப் பார்க்க வேண்டும். இடையில் எப்போது விழுந்தாலும் அன்றே அது நடக்கும். ஸ்டீரரில் வெள்ளைக் கோடு தெரிந்தால் ஃபோர்க் குப்பைக்கு. தம்பி இதற்கு முன்பே ஒப்புக்கொண்டுவிட்டான்.

அவனோடு ஓட்டும் பெருந்துறைக்காரர் ஒருவர் இப்போது அதே விற்பனையாளரிடம் இன்னொரு ஃபிரேம் கேட்டிருக்கிறார். மரை போட்ட பிஎஸ்ஏ பாட்டம் பிராக்கெட், உருண்டை சீட் போஸ்ட் உள்ள மாடல். அனுப்பும் முன் ஹெட்செட் இருக்கை இரண்டையும், பின் ஆக்சில் இடைவெளியையும் கேஜ் வைத்துப் படமெடுத்து அனுப்பச் சொல்லி எழுத வைத்தோம். படங்கள் வந்தன, அளவுகள் சரி. ஃபிரேம் வந்ததும் நேராகக் கணபதிக்குத்தான் வருகிறது.